கேனரிகளுக்கு இருபது மணி நேரப் பகல்

பதிவு 1
நாள் 88, 06:20

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது நிலையத்தின் பொதுப் பதிவேடு. இதில் நான் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுதலாம் என்றும் சொல்லவில்லை. பறவையறைக்குத் தனிப் படிவம் இருக்கிறது. எண்ணிக்கை, எடை, தீவனம், தண்ணீர் என்று நான்கு கட்டங்கள். இன்று நான் பார்த்தது அந்த நான்கிலும் அடங்கவில்லை. அதனால் இங்கே வந்தேன். நீளமாக எழுத மாட்டேன்.

என் பெயர் மேகலா. உயிரியல் உதவியாளர். நிலவின் தென்முனையில், சூரியன் எட்டாத ஒரு பள்ளத்தில், பனியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் நிலையம் இது. மூன்று பேர் இருக்கிறோம். தலைவர் அமலோற்பவம் மேடம், தூத்துக்குடிக்காரர். துளைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற கலியமூர்த்தி அண்ணன் நெய்வேலி. நான் நாமக்கல்.

கேனரி என்கிற சிறு பாடும் பறவைகள் ஐந்து. வேறொரு நிலையத்தில் நிலவுத்தூசி அடைத்துக் காற்றுமானிகள் தப்பாகக் காட்டிய பிறகு, எல்லா நிலையங்களிலும் கேனரி வளர்க்க வேண்டும் என்று விதி வந்தது. காற்று கெட்டால் நமக்கு முன்னால் அவை விழும். ஆகவே ஐந்தும் எந்நேரமும் கேமராவின் கண்ணில் பட வேண்டும்.

சரக்குக் கப்பல் தள்ளிப்போய்விட்டது. உலர் உணவு குறைகிறது. கூடுதல் கீரைக்காகக் கீரைக்கூடத்து விளக்குகளைப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இருபது மணி நேரமாக்கச் சொல்லித் தரையிலிருந்து, அதாவது பூமியில் எங்களை நடத்தும் மையத்திலிருந்து, உத்தரவு. நேற்று ஏற்றினோம். நிலையம் ஒரே நீளமான குழாய். கீரைக்கூடத்துக்கும் பறவையறைக்கும் நடுவில் கண்ணாடி. பறவையறைக்கும் நாங்கள் படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு திரை. அங்கே பகல் என்றால் எல்லோருக்கும் பகல்தான்.

கவனிப்பு: கன்னத்தில் கறுப்புக் கோடு உள்ள பெரிய ஆண், அதை நாங்கள் கிருதா என்போம், விளக்கு அணையும்வரை பாட்டை நிறுத்தவில்லை. வழக்கமாக மதியத்தோடு ஓய்ந்துவிடும். அவ்வளவுதான். இதற்காகவா எழுதினாய் என்று கேட்காதீர்கள்.


பதிவு 2
நாள் 97, 13:05

மிளகு என்கிற புள்ளி போட்ட ஆணின் பிடரியில் இறகு இல்லை. தோல் தெரிகிறது. தீவனத் தட்டுக்கு அது வரும்போதெல்லாம் கிருதா பாய்ந்து விரட்டுகிறது.

செய்தவை: ஒரு தட்டு இருந்த இடத்தில் மூன்று வைத்தேன், ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியாதபடி. உட்காரும் குச்சிகளை எல்லாம் ஒரே உயரத்துக்கு இறக்கினேன். உயரமான குச்சி ஒன்று இருந்தால் அதற்காகவே சண்டை வரும். பாதி அறைக்கு நடுவே ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்தினேன்.

இன்டர்காமில் கலியமூர்த்தி அண்ணன்:

"இன்னா பாப்பா, பஞ்சாயத்து முடிஞ்சுதா? கிருதாகிட்ட சொல்லு, கேஸ் போட்டுடுவேன்னு."

"சொன்னா கேக்க மாட்டேங்குதுங்ண்ணா."

"கேக்காது. என்னைப் பாத்துக் கத்துக்கிச்சு."

பிறகு துளைக்கும் சத்தத்துக்கு மேலே அவராகக் கட்டின ஏதோ ஒரு பாட்டு. அதற்கு ராகமும் கிடையாது, முடிவும் கிடையாது. மேடம் இடையில் வந்தார்.

"எப்பா கலியமூர்த்தி, லைனை அடைச்சிட்டுப் பாடுப்பா. இங்க ரெண்டு காதுதான் இருக்கு."

மூவரும் சிரித்தோம். இதை எழுதி வைக்கிறேன், சிரித்தோம் என்பதை.


பதிவு 3
நாள் 101, 09:40

ஒரு தவறு செய்துவிட்டேன்.

மிளகுக்கு இரத்தம் வந்தது. என் அப்பாவும் அம்மாவும் முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவர்கள். கொத்துப்பட்ட கோழிக்கு அங்கே ஊதா மருந்து தடவுவார்கள். சிவப்பு தெரிந்தால் மற்ற கோழிகள் அந்த இடத்தையே கொத்தும். ஊதா பூசினால் விட்டுவிடும். சின்ன வயதில் நானே எத்தனையோ கோழிகளுக்குத் தடவியிருக்கிறேன். யோசிக்காமல் முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து மிளகின் கழுத்தில் தடவினேன்.

கேனரி கோழி இல்லை. கழுத்து ஊதாவான மிளகு மற்ற நான்குக்கும் வேற்றுப் பறவையாகிவிட்டது. கிருதா மட்டும் அல்ல, எல்லாமே அதன் மேல் விழுந்தன. நான் கைவிட்டு எடுக்கும்போது என் விரலையும் கொத்தின.

பரிசோதனை மாதிரி வைக்கும் சிறு பெட்டியைக் கூண்டாக்கி, கிருதாவைத் தனியே பிரித்துவிட்டேன். விரட்டுகிறதைப் பிரிக்க வேண்டும், அடிபடுகிறதை அல்ல. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஊதாவை ஈரப்பஞ்சால் துடைத்தேன். முழுதும் போகவில்லை.

அறையைத் துணியால் மூடி இருட்டாக்கலாமா என்று தரையைக் கேட்டேன். கேட்பதற்கு முன் வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். தரையில் இந்த நேரப்பணி இர்ஃபானுடையது.

"துணிலாம் போடக் கூடாது மேகலா. அஞ்சு பறவையும் கேமராவுல தெரியணும். ரூல் அது. நீயே மாட்டிப்ப."

சரிங்க என்றேன்.


பதிவு 4
நாள் 106, 15:30

யாருக்கும் தூக்கம் இல்லை. கண்ணைத் துணியால் கட்டிப் படுக்கிறேன். விளக்குகளோடு சேர்ந்து அவற்றைக் குளிர்விக்கும் விசிறிகளும் இருபது மணி நேரம் இரைகின்றன. வெளிச்சம் தோலில் உறைக்கிறது. அணைகிற நான்கு மணி நேரத்திலும், இதோ ஏறப்போகிறது என்று காத்துக்கொண்டே கிடக்கிறோம்.

மேடம் நல்லவர். வந்த புதிதில் எனக்குக் குளிர் தாங்கவில்லை என்று தன் கம்பளியைக் கொடுத்துவிட்டு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு படுத்தவர். இன்று கலியமூர்த்தி அண்ணன் ஒரு குவளை தண்ணீர் அதிகம் எடுத்தார் என்பதற்காக:

"நீ தோண்டுத தண்ணின்னா உங்க அப்பன் வீட்டுத் தண்ணியாயிருமா?"

"எங்கப்பன் வூட்டுத் தண்ணி இதைவுட ருசியா இருக்கும். வாயை அளந்து பேசுங்க மேடம்."

அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. இணைப்பைத் திறந்தே வைத்து, வேண்டுமென்றே பாடினார். சாப்பாட்டு நேரம் முழுவதும் பாடினார்.

பிறகு மேடம் என்னை மட்டும் தனி இணைப்பில் அழைத்தார்.

"மேகலா, நீதான் எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கியே. உள்ளதச் சொல்லு பிள்ள. இங்க நிம்மதியக் கெடுக்கது யாரு?"

நேரடியாக யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. கேட்டதும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"சத்தம் அவரோடதுதாங்க மேடம்."

இவ்வளவுதான் சொன்னேன்.


பதிவு 5
நாள் 107, 08:15

கலியமூர்த்தி அண்ணனை வெளிக்குடிலுக்கு அனுப்பிவிட்டார்கள். துளையிடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஆள் தங்கும் சிறு அறை அது. வண்டியில் போனால் அரைமணிப் பயணம். கப்பல் வரும்வரை அங்கேயே தங்க வேண்டும். தரையும் ஒப்புக்கொண்டது. காரணம் என்ற இடத்தில் "உயிரியல் உதவியாளரின் கவனிப்பின்படி" என்று இருக்கிறது.

போகும்போது இன்டர்காமில்:

"பாப்பா, கிருதாவும் நானும் உள்ள போயிட்டோம். இனிமே ஊரு அமைதியா இருக்கும். மிளகைப் பாத்துக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


பதிவு 6
நாள் 110, 11:50

நிலையம் அமைதியாக இருக்கிறது. பறவையறையும் அமைதி. ஆனால் மிளகின் முதுகில் புதிதாக இரண்டு இடங்களில் இறகு இல்லை.

கிருதா பெட்டிக்குள் இருக்கிறது. பிறகு யார்?

வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அரிசி என்று நாங்கள் அழைக்கும் பெண் பறவை. உடம்பு வெளுத்தது. குரலே எழுப்பாது. இதுவரை அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பதை இப்போது கவனிக்கிறேன். அது மிளகின் பின்னால் மெதுவாக வந்து உட்கார்ந்தது. ஓர் இறகைப் பிடித்து இழுத்தது. மிளகு கத்தியது. அரிசி அந்த இறகை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது தீவனத் தட்டின் மூலையில் வைத்தது. அங்கே ஏற்கனவே ஒரு சிறு குவியல் இருந்தது. ஊதாக் கறை படிந்த இறகுகளும் அதில் இருந்தன.

கூடு கட்டுகிறது. இருபது மணி நேர வெளிச்சம் என்றால் அதன் உடம்புக்கு வசந்தம் வந்துவிட்டதாக அர்த்தம். ஆண்களுக்கு இடம் பிடிக்கும் வெறி, பெண்ணுக்குக் கூடு கட்டும் வெறி. முட்டைக்காக வெளிச்சத்தை நீட்டுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். எனக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும்.

காயக்கட்டுத் துணியை நூல் நூலாகப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு கிண்ணங்களைக் கூடுபோலக் கட்டினேன். அரிசி மிளகை விட்டுவிட்டது. கிருதாவைத் திரும்பச் சேர்த்தேன். குச்சிகளை இடம் மாற்றிவிட்டுத்தான் சேர்த்தேன், யாருக்கும் பழைய இடம் சொந்தமாக இல்லாதபடி. பாடியது. யாரையும் கொத்தவில்லை.

தப்பான பறவையைப் பிரித்திருக்கிறேன்.


பதிவு 7
நாள் 111, 07:30

பயந்துகொண்டே வெளிக்குடிலை அழைத்தேன்.

"அண்ணா, எப்படிங்க இருக்கீங்க?"

"இருக்கேன் பாப்பா. ரெண்டு நாளா செத்த பொணமாட்டம் தூங்குனேன். இங்க லைட்டுக்கு ஒரு சுவிட்ச் இருக்குது பாரு, சுவிட்ச்! அணைச்சா அணையுது."

"கோவமா இருக்கீங்களா?"

"யார் மேல? அந்தத் தண்ணிக்கா? நெனச்சா எனக்கே சிரிப்பு வருது. மேடம்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடு. நீ நல்லா இருக்கியா? கொரலு ஒரு மாதிரி இருக்குது."

நான் நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

இருட்டில் இருக்கிறவர் தெளிந்துவிட்டார். அப்படியானால் வெளிச்சத்தில் இருப்பது மேடமும் நானும்.


பதிவு 8
நாள் 113, 16:10

பேசிவிட்டேன். பறவைகளுக்கு நடந்ததையும், வெளிக்குடிலில் நடந்ததையும், விளக்கைப் பதின்மூன்று மணி நேரமாகவாவது குறைக்க வேண்டும் என்பதையும் தரைக்கு முழுதாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை.

இர்ஃபான்: "பாயிண்ட் புரியுது மேகலா. ஆனா அது ஸ்டேஷன் ஹெட் எடுக்க வேண்டிய முடிவு. அவங்க சரின்னா நாங்களும் சரி."

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைத் தாண்டித் தரைக்குப் போற அளவுக்கு ஆயிட்டியோ? வெளக்கக் குறைச்சா கீரைய உங்க ஆத்தா வந்து அள்ளிப் போடுவாளா?"

என் அம்மா கோழித்தீவனம் அள்ளிப் போடுகிறவர். அதைத் தெரிந்துகொண்டே சொன்னார். முதல் மாதம் ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது நானே சொல்லியிருந்தேன்.

அவர் இப்படிப்பட்டவர் இல்லை. பகல்தான் இப்படிப் பேசுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அவர் மெல்லுகிற சத்தம்கூட இப்போது கேட்கிறது.


பதிவு 9
நாள் 117

மேடம் கீரைகளை இலை இலையாக எண்ணுகிறார். பறவைகளுக்கு நான் திருடிக் கொடுக்கிறேனாம். கொடுக்கவில்லை. ஒரு தடவை கொடுத்தேன்.

பறவையறையைக் காலி செய்துவிட்டு அங்கே இன்னும் இரண்டு அடுக்கு கீரைத்தட்டு வைக்கப் போகிறாராம். ஐந்து பறவைகளும் மாதிரிப் பெட்டியில் இருக்கட்டுமாம். கேமராவுக்குத் தெரிந்தால் போதுமாம்.

"ஒத்தைப் பெட்டியில அஞ்சும் இருக்க முடியாதுங்க மேடம். ஒண்ணையொண்ணு கொன்னுரும்."

"நாம மூணு பேரும் இருக்கலியா ஒத்தைப் பெட்டியில?"

இன்டர்காமில் கலியமூர்த்தி அண்ணன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "மேடம், மூணு பேர் இல்ல, ரெண்டரை. என்னைத்தான் தூக்கி வெளிய வெச்சுட்டீங்களே." நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அவரை வாயை மூடச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

தூங்கியது கொஞ்சம். கனவு இல்லை. கனவுக்கு இருட்டு வேண்டும்போல.


பதிவு 10
நாள் 119, விளக்கு ஏறிய பிறகு

நான் வடிகட்டிகளை மாற்றப் போயிருந்த நேரத்தில் செய்துவிட்டார்.

பெட்டி உள்ளங்கை இரண்டை விரித்தால் மூடிவிடலாம், அவ்வளவுதான். ஐந்தையும் அதற்குள். நான் திரும்பும்போது மிளகு அடியில் கிடந்தது. மற்றவை அதன் மேல் நின்றுகொண்டிருந்தன. கிருதாவின் ஒரு கண் மூடியிருக்கிறது. அரிசியின் வாயில் இறகு.

மேடம் கீரைத்தட்டை மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "நாலு போதும், விதியில எண்ணிக்கை சொல்லல" என்றார்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. அவர் பின்னால் போய் நின்றேன். நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை.

அவர் என்னைக் கீழே தள்ளிவிட்டுக் கட்டுப்பாட்டறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். தலையில் இரத்தம். உயிருக்கு ஒன்றும் இல்லை, பேசுகிறார். என் வலது கை மூடியே இருந்தது. திறந்து பார்த்தேன். மேடத்தின் முடி. வேரோடு ஒரு கொத்து.

எனக்கு அழுகை வரவில்லை. அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பக்கத்தில் வைத்திருக்கிறேன்.


பதிவு 11
அதே பகல்

மிச்சமிருக்கும் நான்கு பறவைகளையும் பழையபடி அறையில் விட்டேன். நானும் உள்ளேதான் இருக்கிறேன். விளக்கின் பொத்தான் கட்டுப்பாட்டறையில், அவரிடம். கம்பியை அறுக்கப் பார்த்தேன், உறை இரும்பு.

இன்டர்காமில் வந்தவை:

மேடம்: "ஏட்டி, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ வெளிய வா, பேசுவோம்."

நான்: "நான் ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. நீங்க வெளிய வாங்க, பேசலாம்."

கலியமூர்த்தி அண்ணன்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுறீங்க. கேக்கவே பயமா இருக்குது. யாரும் கதவத் தொறக்காதீங்க. நான் கெளம்பி வரேன். வெளிப்பக்கமா வந்து மெயின் லைனைக் கழட்டிடுறேன். இருட்டாச்சுன்னா ரெண்டு பேரும் படுத்துத் தூங்குங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

இர்ஃபான்: "கப்பல் சுத்துப்பாதைக்கு வந்துடுச்சு. கொஞ்சம் தாங்குங்க, ப்ளீஸ்."

வண்டி கிளம்பும் சத்தம் இன்டர்காமில் கேட்டது. கூடவே அவர் பாட ஆரம்பித்தார். எங்களைப் பயப்படாமல் வைத்திருக்கப் பாடுகிறார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேசும் கருவியைச் சுவரிலிருந்து பிய்த்து எறிந்துவிட்டேன். பேச முடியாது. ஒலிபெருக்கி எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதனால் கேட்க முடிகிறது.


பதிவு
நேரம் பார்க்கவில்லை. விளக்கு எரிகிறது

இன்டர்காமில் மேடத்தின் குரல். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

அண்ணன் பாடிக்கொண்டே வருகிறார். லைன் கழட்ட அவருக்கு நேரமாகும். உறைந்த பூட்டுகள். முடியாவிட்டால் உள்ளே வந்து முயல்வதாகச் சொன்னார். வெளியிலிருந்து நுழையும் காற்றுக்கதவைத் தாண்டினால் முதல் கதவு என்னுடையது. இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. பறவைக்கு எதற்குத் தாழ்ப்பாள்.

குச்சிகளை எல்லாம் கழற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று எழுத வரவில்லை.

அவர் எனக்குக் கெடுதல் செய்ததில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகப் போனவர். மிளகைப் பார்த்துக்கொள் என்றவர். அதெல்லாம் ஒரு பக்கம் தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம் அந்தப் பாட்டு நிற்க வேண்டும். இரண்டும் ஒரே தலையில் இருக்கிறது.

கிருதா அவரோடு சேர்ந்து பாடுகிறது. பாடியது. இப்போது இல்லை.

இந்தப் பதிவேடு ஆறு மணி நேரத்துக்கொருமுறை தானாகத் தரைக்குப் போகும். அடுத்தது கொஞ்ச நேரத்தில். இதுவரை நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. விடுதியில் விளக்கு எரியவில்லை என்றுகூடச் சொல்லாமல் நாலு வருடம் படித்தேன். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று. இப்போதும் எழுதிவிட்டு அழித்து, எழுதிவிட்டு அழித்து

காற்றுக்கதவு திறக்கிற சத்தம். விளக்கு இன்னும் எரிகிறது. அவரால் கழட்ட முடியவில்லை.

இர்ஃபான், இதை நீங்கள் படித்தாலும் சரி, கப்பலில் இருக்கிற யாராவது படித்தாலும் சரி. எனக்கு உதவி வேண்டாம். அவரோடு பேச உங்களுக்கு இணைப்பு இருக்கிறது, எனக்கு இல்லை. கலியமூர்த்தி அண்ணனைத் தயவுசெய்து திரும்பிப் போகச் சொல்லுங்கள்.